காலாவதித் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்: சிங்கப்பூரில் நீண்ட காலம் வாழும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கு எப்படி வருவது என்று சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. வந்து ஆறேழு ஆண்டுகள் கடந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கி, ஊரில் பெற்றோருக்கு வயதாகி, கையில் இருப்பது இன்னமும் ஒரு வேலை அட்டைதான் என்ற நிலையில் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. இந்த வழிகாட்டி அந்த நிலையில் இருப்பவர்களுக்கானது. இந்தியக் குடியுரிமையோடு எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ (நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களுக்கான வேலை அனுமதி) எஸ் பாஸிலோ (நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான வேலை அனுமதி) இங்கே வேலை பார்க்கும் குடும்பஸ்தர்களை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கான விதிகள் பல இடங்களில் வேறுபடும் என்பதால் அவற்றை இங்கே கலக்கவில்லை.

வாடகை ஒப்பந்தம், துணைவரின் தங்கும் உரிமை, பிள்ளையின் பள்ளி, நிறுவனம் தரும் காப்பீடு ஆகிய அனைத்தும் அந்த ஒரே அட்டையின் காலாவதித் தேதியோடு கட்டப்பட்டிருக்கின்றன. அட்டை உங்கள் பெயரில் இருந்தாலும் அதைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கும் உரிமை உங்கள் முதலாளியிடம் இருக்கிறது. ஆகவே எந்தப் பெரிய முடிவையும் இன்றைய தேதியிலிருந்து முன்னோக்கிப் பார்க்காமல், காலாவதித் தேதியிலிருந்து பின்னோக்கிப் பார்த்து எடுக்க வேண்டும் என்பதே கீழே உள்ள படிகள் அனைத்திற்கும் அடிப்படை.

படி 1: அட்டையின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கும், புதுப்பிப்பு அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கும் கிடைக்கும். காலாவதிக்கு 6 மாதம் முன்பிருந்தே புதுப்பிப்புக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. ஆனால் பல நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் கடைசி ஆறு வாரம் வரை இதைத் தொடுவதே இல்லை. ஆறாவது மாதம் தொடங்கியவுடன் மின்னஞ்சலில் மரியாதையாக நினைவூட்டுங்கள். வாய்வழியாகக் கேட்டால் பதிவு இருக்காது.

புதுப்பிப்பு என்பது சடங்குபூர்வமான கையெழுத்து என்ற எண்ணம் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. அதுவரை புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும் இருந்த காம்பஸ் புள்ளி முறை அந்த மாதத்திலிருந்து புதுப்பிப்புகளுக்கும் பொருந்துகிறது. தேர்ச்சிக்கு 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், கல்வித் தகுதி, நிறுவனத்தில் உங்கள் நாட்டவரின் பங்கு, உள்ளூர்வாசிகளுக்கு நிறுவனம் தரும் வேலைவாய்ப்பு ஆகிய நான்கும் அடிப்படை அளவுகோல்கள். நம்மவர்களை அதிகம் பாதிப்பது மூன்றாவதுதான். நிறுவனத்தின் நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் கால் பங்கோ அதற்கு மேலோ இந்தியர்களாக இருந்தால் அந்த அளவுகோலில் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். நீங்கள் எவ்வளவு திறமைசாலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனவே வேலை மாறும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காமல், அந்த அலுவலகத்தில் உங்களோடு உட்காரப்போகிறவர்கள் யார் என்பதையும் பாருங்கள்.

இன்னொரு விஷயம் வயது. 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நிதித்துறையில் 6,200 வெள்ளி. இது இளையவர்களுக்கான தொகை. வயது கூடக் கூட ஏறிக்கொண்டே போய், நாற்பதுகளின் நடுவில் நிற்பவருக்கு 10,700 வெள்ளியாகவும் நிதித்துறையில் 11,800 வெள்ளியாகவும் ஆகிறது. முப்பது வயதில் வசதியாகத் தேறியவர் அதே வேலையில் சிறுசிறு ஊதிய உயர்வுகளோடு நாற்பத்தைந்தை எட்டும்போது தகுதிக்கோட்டுக்குக் கீழே போய்விடக்கூடும். இந்தத் தொகைகளும் அவ்வப்போது உயர்த்தப்படுகின்றன. மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் விவரங்களை இட்டுப் பாருங்கள்.

துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் டிபெண்டன்ட் பாஸ் பெற உங்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். 2021 மே 1 முதல், அந்தப் பாஸில் இருப்பவர் வேலைக்குப் போக விரும்பினால் தனக்கென ஒரு வேலை அட்டை பெற்றாக வேண்டும். முன்பு ஒரு சம்மதக் கடிதம் போதுமாக இருந்தது. படித்த மனைவிமார் பலர் வீட்டில் முடங்கிக் கிடப்பதற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம். இருவர் சம்பளத்தை நம்பிக் குடும்ப வரவுசெலவைத் திட்டமிடுவோர், துணைவருக்கு வேலை உறுதியாகி அட்டையும் கைக்கு வந்த பிறகு அதைச் செய்வது நல்லது.

கடவுச்சீட்டை மறந்துவிடாதீர்கள். அதன் செல்லுபடிக் காலத்தைத் தாண்டி எந்தப் பாஸும் வழங்கப்படுவதில்லை. ஒன்றரை ஆண்டு மட்டும் மிச்சமிருக்கும் கடவுச்சீட்டைக் கொடுத்தால், கிடைத்திருக்கக்கூடிய மூன்றாண்டுப் புதுப்பிப்பு சுருங்கிப்போகும். குடும்பத்தில் யாருடைய கடவுச்சீட்டு முதலில் முடிகிறது என்று பார்த்து அதை ஓராண்டு முன்பே புதுப்பியுங்கள். புதிய எண்ணை மனிதவள அமைச்சுக்கும் வங்கிக்கும் மறக்காமல் தெரிவியுங்கள்.

படி 2: வாடகை வீட்டை ஒப்பந்தம் வழியாகப் பாருங்கள்

வெளிநாட்டவர் சொந்த வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் 27 முதல் 60 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி கட்ட வேண்டும். ஆகவே பெரும்பாலோருக்கு வாடகை வீடுதான். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசு அடுக்குமாடி வீட்டை எடுக்கிறீர்கள் என்றால், மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு ஓர் அனுமதி அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்குத்தான். குறைந்தபட்சம் 6 மாதம். விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் பாஸிலும் 6 மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். பாஸ் முடிய நான்கு மாதம் இருக்கும்போது வீடு தேடிக் கிளம்பினால் நல்ல வீடும் நல்ல உரிமையாளரும் கிடைத்தும் கையெழுத்திட முடியாது. முழு வீட்டை வாடகைக்கு விடுவதில் வெளிநாட்டவர் விகிதத்துக்கும் வரம்புண்டு: பேட்டை அளவில் 8 விழுக்காடு, புளோக் அளவில் 11 விழுக்காடு. அதனால்தான் வீடு காலியாக இருந்தும் அந்த புளோக்கில் கோட்டா முடிந்துவிட்டது என்ற பதில் வருகிறது. தனியார் கூட்டுரிமை வீடுகளில் (காண்டோமினியம்) இந்தக் கோட்டா இல்லை. அங்கே குறைந்தபட்ச வாடகைக் காலம் தொடர்ந்து 3 மாதம்.

சமையல் பிரச்சினையைப் பேசாமல் விட முடியாது. இந்தியர் வேண்டாம் என்று வெளிப்படையாக விளம்பரம் செய்ய முகவர்களுக்கு இன்று இடமில்லை. ஆனால் தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன், வீடு நேற்றே போய்விட்டது என்று சொல்லும் குரல்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களோடு வாதாடி வாங்கும் வீட்டில் நிம்மதி இருக்காது என்பது என் கருத்து. நேரத்தை மிச்சப்படுத்த, முதல் செய்தியிலேயே இந்தியக் குடும்பம் என்றும் தினமும் சமைப்போம் என்றும் எழுதிவிடுங்கள். ‘லைட் குக்கிங்’ மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாம்பார் கொதிப்பது எதில் சேரும், மீன் வறுப்பது எதில் சேரும் என்று யாரும் வரையறுத்ததில்லை. வீட்டைத் திருப்பித் தரும் நாளில் அதை வரையறுப்பவர் உங்கள் வைப்புத்தொகையைக் கையில் வைத்திருப்பவராகத்தான் இருப்பார். அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியைச் சுத்தம் செய்துதருவோம் என்ற அளவோடு நிற்கும் ஒரு வரியை எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் வரிவரியாகப் படிக்க வேண்டிய பகுதி டிப்ளமேட்டிக் கிளாஸ் எனப்படும் இடைவிலகல் விதி. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக 12 மாதம் முடிந்த பின், 2 மாத முன்னறிவிப்போடு விலகலாம் என்றிருக்கும். அதாவது எப்படியும் 14 மாத வாடகை உங்கள் தலையில். வேலை போனால், வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டால் என்று இரண்டு காரணங்களை மட்டும் சில ஒப்பந்தங்கள் குறிப்பிடும். பாஸ் புதுப்பிக்கப்படாவிட்டால் என்ற மூன்றாவது காரணமும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளர் தன் முகவருக்குக் கொடுத்த தரகில் ஒரு பகுதியை உங்களிடமிருந்து திரும்பப் பெறலாம் என்ற வரியும் அருகிலேயே இருக்கும். வேலை முடிந்து பாஸ் ரத்தானபின் உங்களுக்குக் கிடைப்பது பொதுவாக 30 நாள் தங்கும் அனுமதி. வீட்டுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய அறிவிப்போ 60 நாள். இந்த இடைவெளிக்கான ஒரு மாத வாடகையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள்.

வைப்புத்தொகை ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை என்பது நடைமுறை. அதைத் திரும்பப் பெறும் வேலை, சாவி வாங்கும் நாளிலேயே தொடங்குகிறது. ஒவ்வோர் அறையையும் காணொளியாக எடுங்கள்: சமையலறை மேடையின் விளிம்பு, அடுப்புக்குப் பின்னால் உள்ள ஓடுகளின் இடுக்கு, குளியலறைக் கதவின் அடிப்பகுதியில் ஊறிப்போன பலகை, மெத்தையின் அடிப்புறம், மரத் தரையில் கட்டில்கால் இழுத்த கோடு. குறைகளைப் பட்டியலிட்டு, ஒப்பந்தம் தரும் முதல் 30 நாளுக்குள் உரிமையாளருக்கும் முகவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் செய்த ரசீதுகளை ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். ஒரு ரசீது காணாவிட்டாலும், பழைய இயந்திரம் பழுதான செலவு முழுவதும் உங்கள் பக்கம் தள்ளப்படும்.

வாடகை முத்திரை வரி, 4 ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாத ஒப்பந்தம் தகராறு வரும்போது நீதிமன்றத்தில் உதவாது. முகவரின் பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணத்தை உரிமையாளரின் கணக்குக்கே அனுப்புங்கள். வைப்புத்தொகை வராவிட்டால், 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களில் 20,000 வெள்ளி வரை சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே கோரலாம். ஆனால் நாட்டைவிட்டுப் போன பிறகு இதைத் தொடர்வது கடினம் என்பது பலருக்கும் தெரியும், சில உரிமையாளர்களுக்கு நன்றாகவே தெரியும்.

படி 3: பிடித்தம் இல்லாத சம்பளத்தை நம்பாதீர்கள்

இங்கே மாதச் சம்பளத்தில் வருமானவரி பிடிக்கப்படுவதில்லை. கணக்கு அடுத்த ஆண்டு வரும். இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் கழியும் ஜைரோ முறையில் சேர்ந்தால் வட்டியில்லாமல் 12 தவணைகளில் கட்டலாம், கட்டாயம் சேருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஓய்வூதியம். அடுத்த மேசையில் இருக்கும் உள்ளூர்ச் சக ஊழியர் 55 வயதுக்குட்பட்டவர் என்றால், அவர் சம்பளத்தில் 20 விழுக்காடும் நிறுவனத்தின் பங்காக 17 விழுக்காடும் மத்திய சேம நிதிக்குப் போகின்றன. உங்களுக்கு அது இல்லை, இந்தியாவில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வருங்கால வைப்பு நிதியும் இல்லை. கையில் முழுச் சம்பளம் வருகிறது என்ற மகிழ்ச்சியில் பத்தாண்டுகளை ஓட்டியவர்கள், ஐம்பதை நெருங்கும்போது ஊரில் கட்டிய ஒரு வீட்டைத் தவிர வேறு சேமிப்பு இல்லாமல் நிற்பதை நிறையப் பார்க்கிறோம். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது கண்ணில் படாத கணக்குக்குத் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். எஸ்ஆர்எஸ் எனப்படும் துணை ஓய்வுக்காலத் திட்டத்தில் வெளிநாட்டவர் ஆண்டுக்கு 35,700 வெள்ளி வரை செலுத்தி வரிக்கழிவு பெறலாம். முதல் செலுத்தலிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருந்து ஒரே தடவையில் எடுத்தால், வெளிநாட்டவருக்குத் தொகையில் பாதிக்கு மட்டுமே வரி. வரிவிகிதம் குறைவாக இருப்பவர்களுக்கு இதில் பெரிய லாபம் இல்லை.

படி 4: ஊர் வங்கியும் ஓடிபியும்

வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் தன் பழைய இந்தியச் சேமிப்புக் கணக்கை அப்படியே தொடர்வது அந்நியச் செலாவணி விதிகளின்படி சரியல்ல. அதை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ கணக்கு தனியாக வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தைத் தடையின்றித் திரும்பக் கொண்டுவரலாம். ஊர் வாடகை, குத்தகை, பழைய வைப்புகளின் வட்டி ஆகியவை என்ஆர்ஓவுக்குப் போக வேண்டும். அங்கே வட்டியில் 30 விழுக்காடும் மேல்வரியும் பிடிப்பார்கள். சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி இது 15 விழுக்காடாகக் குறையும். என்ஆர்ஓவிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்பதால், பணம் அங்கே நிரந்தரமாக முடங்கிவிடும் என்ற பயம் தேவையில்லை.

இவையெல்லாம் விதிகள். அன்றாட எரிச்சல் ஓடிபிதான். ஆதார், வருமானவரித் தளம், பத்திரப்பதிவு, பங்குச் சந்தைக் கணக்கு என எதைத் தொட்டாலும் ஆறு இலக்க எண் ஓர் இந்தியக் கைத்தொலைபேசிக்குப் போகிறது. அந்த சிம் பலருடைய வீடுகளில் அப்பாவின் பழைய போனில் இருக்கும். “அப்பா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும், அதிலிருக்கிற நம்பரைச் சொல்லுங்க” என்றால், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, முதலில் வங்கியின் கடன் விளம்பரத்தைப் படித்து, பிறகு சரியான செய்திக்கு வரும்போது நேரம் முடிந்திருக்கும். மோசடிக்காரர்களும் இதே முறையில் ஓடிபி கேட்பதால், பெற்றோரை இதற்குப் பழக்குவது ஆபத்தும்கூட. இந்திய எண்ணை உங்கள் போனிலேயே இரண்டாவது சிம்மாக வைத்து, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன் சோதித்து, அது அணைந்துவிடாமல் ரீசார்ஜ் செய்துவாருங்கள். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு சிங்கப்பூர் எண்ணை இணைத்தே யுபிஐ பயன்படுத்தும் வசதி இப்போது பல வங்கிகளில் உண்டு. உங்கள் வங்கியில் இருந்தால் பாதித் தொல்லை தீரும். வீட்டுச் செலவுக்குச் சிறு தொகை அனுப்ப, 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய, சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற முறையான பேநவ்வை யுபிஐயோடு சேர்க்கும் இணைப்பும் இருக்கிறது.

வருமானவரித் தளத்தில் உங்கள் வசிப்பு நிலை வெளிநாடுவாழ் இந்தியர் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது சரியாக இல்லாததால் பான் செயலிழந்து, வங்கியில் கூடுதல் வரி பிடிக்கப்பட்டவர்கள் பலர்.

படி 5: ஊரில் நிலம் இருந்தால்

வெளிநாடுவாழ் இந்தியர் இந்தியாவில் வீடும் மனையும் வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்த வயலை வைத்துக்கொள்ளலாம். விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். ‘உன் பெயரில் ஒரு ஏக்கர் வாங்கிப்போடுகிறேன்’ என்று பாசத்தோடு சொல்லும் மாமாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பத்திர வேலைக்கு ஒவ்வொரு முறையும் பறக்க முடியாது என்பதால் பவர் எழுதிக் கொடுப்போம். பொதுப் பவரைத் தவிருங்கள். எந்தச் சொத்து, எந்தச் செயல், எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்ட தனிப் பவரே போதும். கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் மூலம் அதைச் சான்றொப்பமிடலாம். அல்லது இங்குள்ள நோட்டரி பப்ளிக் முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கப்படும் அதிகாரபூர்வச் சான்று) பெறலாம். சிங்கப்பூரில் அப்போஸ்டில் முறை 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது. எது வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அலுவலகத்துக்கு அலுவலகம் பழக்கம் மாறுகிறது. ஆவணம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவது வழக்கமாக நடக்கிறது.

சொத்தை விற்கும்போது வாங்குபவர் 1 விழுக்காடு வரி பிடித்தால் போதும் என்று தரகர் சொல்வார். அது இந்தியாவில் வசிப்பவர் விற்கும்போது மட்டுமே பொருந்தும். நீங்கள் விற்றால் பிடித்தம் பல மடங்கு அதிகம். குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை வருமானவரித் துறையிடம் விற்பனைக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். பொங்கல் விடுமுறையில் செய்துவிடுங்கள்.

படி 6: மருத்துவம்

எஸ் பாஸ் ஊழியருக்கு முதலாளி ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது சட்டம். எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நிறுவனம் தருவது அதன் விருப்பம். மெடிஷீல்டு லைஃப் எனும் அரசு மருத்துவக் காப்பீடு வெளிநாட்டவருக்குக் கிடையாது, அரசு மருத்துவமனைகளிலும் மானியமில்லாத கட்டணம்தான். நிறுவனக் காப்பீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்களா, மருத்துவமனைச் சேர்க்கைக்கு உச்சவரம்பு என்ன, பிரசவம் உள்ளதா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நாற்பது வயதுக்குள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ பதிவேட்டில் ஏறுமுன், வேலையோடு சேராத தனிக் காப்பீடு ஒன்றை எடுப்பது நல்லது. வேலை போகும் நாளில் நிறுவனக் காப்பீடும் போய்விடும்.

ஊரிலிருந்து மருந்து கொண்டுவருவோர் மூன்று மாதத்துக்கு மேற்படாத அளவும் மருத்துவர் சீட்டும் வைத்திருங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவை. சென்னையில் மருந்துக்கடையில் எளிதாகக் கிடைத்தது என்ற விளக்கம் சாங்கி விமான நிலையத்தில் எடுபடாது. நகைக்கும் ஒரு வார்த்தை: பயணிகளுக்கான பொருள் சேவை வரிச் சலுகை, வேலை அட்டை, டிபெண்டன்ட் பாஸ், நீண்டகால அனுமதி வைத்திருப்போருக்குக் கிடையாது. ஊரில் புதிதாக வாங்கிய சங்கிலிக்கு 9 விழுக்காடு வரி உண்டு, தாமாகவே அறிவித்துக் கட்டிவிடுவது கௌரவம்.

படி 7: பிள்ளைகள்

இங்கே பிறந்ததால் மட்டும் பிள்ளைக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமை வராது. 42 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, இந்தியத் தூதரகத்தில் கடவுச்சீட்டு பெற்று, டிபெண்டன்ட் பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தூதரகப் பதிவை ஓராண்டைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் இந்தியக் குடியுரிமைப் பதிவே சிக்கலாகும்.

அரசாங்கப் பள்ளியில் முதல் வகுப்புக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் மூன்றாம் கட்டத்தில்தான் பதிய முடியும், இடம் மிச்சமிருந்தால் மட்டும். அதற்கு மேல் சேர ஏஇஐஎஸ் எனும் வெளிநாட்டு மாணவர் சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலமும் கணிதமும் தேர்வுப் பாடங்கள். தொடக்கநிலை 6க்கு இந்த வழியில் சேர்க்கை இல்லை. அரசாங்கப் பள்ளியின் பெரிய கவர்ச்சி, தமிழைத் தாய்மொழிப் பாடமாக முறையாகப் படிக்கலாம் என்பது. பள்ளியில் தமிழாசிரியர் இல்லாவிட்டால் வேறொரு நிலையத்தில் வகுப்பு ஏற்பாடாகும். இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் அனைத்துலகப் பள்ளியில் கட்டணம் அதிகம், ஆனால் ஊர் திரும்பினால் வகுப்பு இழப்பு இருக்காது. என் கணிப்பில், பிள்ளைக்குப் பத்து வயதாகும் முன் எந்தப் பாதை என்று முடிவெடுத்துவிட வேண்டும். அதற்குப் பின் மாற்றினால் அந்தப் பாரத்தைப் பிள்ளைதான் சுமக்கும்.

படி 8: நிரந்தரவாசம் கேட்பதா?

நிரந்தரவாசிக்கு வேலை மாற முதலாளியின் தயவு வேண்டாம். முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு மட்டுமே. கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகளாகி 3 ஆண்டுகள் ஆனால் மறுவிற்பனை வீவக வீடு வாங்கலாம், அங்கும் நிரந்தரவாசி விகித வரம்பு உண்டு. மத்திய சேம நிதிப் பங்களிப்பு முதலாண்டில் ஊழியர் 5, முதலாளி 4 விழுக்காடு என்று தொடங்கி மூன்றாம் ஆண்டில் முழு அளவை எட்டும். இதனால் கைக்கு வரும் சம்பளம் குறையும் என்பதை வீட்டில் முன்பே பேசிவையுங்கள்.

ஆண் பிள்ளை உள்ளவர்கள் நின்று யோசிக்க வேண்டியது தேசிய சேவை எனும், ஆண்களுக்கான கட்டாயப் படைச் சேவை. முதல் தலைமுறையாக விண்ணப்பிக்கும் தந்தைக்கு விலக்கு உண்டு, அவர் வழியாக நிரந்தரவாசியாகும் மகனுக்கு இல்லை. 13 வயதிலிருந்து நீண்டகால வெளிநாட்டுப் பயணத்துக்கு வெளியேறும் அனுமதி வேண்டும். பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டில் சேர்ப்பு. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், மகன் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகக் கருதப்படும். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது பெற்றோர் எடுக்கும் முடிவு அவனுடைய இரண்டு இளமை ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் கையெழுத்திட வேண்டாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணம் சொல்லப்படாது. பல ஆண்டு வாழ்ந்து வரி கட்டியவர்களுக்கு இது மனத்தை வருத்தும். ஆனால் ஆண்டுதோறும் அதே ஆவணங்களோடு திரும்ப விண்ணப்பிப்பதில் பயனில்லை. சம்பளமோ, பதவியோ, குடும்பச் சூழலோ குறிப்பிடத்தக்க அளவில் மாறிய பிறகு முயலுங்கள்.

படி 9: ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு

பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் அழைக்க உங்கள் மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது வேண்டும். மற்றவர்களின் பெற்றோர் விசா எடுத்துக் குறுகிய காலத்துக்குத்தான் வரலாம். ஆகவே நாம் போவதே வழி. குடும்ப இழப்புக்கான விடுப்பு இங்கே சட்டம் தரும் உரிமை அன்று, நிறுவனத்தின் கொள்கை. நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் என்று இப்போதே பாருங்கள். குடும்பத்தார் அனைவரின் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். ஊர் மருத்துவமனையில் முன்பணம் கட்ட ஊரில் இருக்கும் ஒருவருக்கு இயக்கும் உரிமையுடன் ஒரு கணக்கைத் தயாராக வைத்திருங்கள். நள்ளிரவில் இங்கிருந்து அனுப்பும் பெரிய தொகை, புதிய பெறுநர் என்ற காரணத்தால் வங்கியில் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கப்படலாம்.

படி 10: புறப்படும்போது

வேலையை விடுகிறீர்கள் என்றால், புதிய முதலாளி உங்கள் பழைய அட்டை நடப்பில் இருக்கும்போதே புதிய பாஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், ஒப்புதல் வரும் வரை ராஜினாமா கடிதத்தைக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. நாட்டைவிட்டே போகிறீர்கள் என்றால், முதலாளி ஒரு மாதம் முன்பு வருவாய் ஆணையத்துக்கு ஐஆர்21 படிவம் அனுப்பி, வரிக்கணக்கு தீரும் வரை உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பார். விமானச் சீட்டு, பொருள் அனுப்பும் செலவு, ஊரில் புது வீட்டு முன்பணம் மூன்றும் சம்பளம் வராத அதே மாதத்தில் விழும் என்பதால் மூன்று மாதச் செலவுப் பணம் கையில் இருக்க வேண்டும். உங்கள் பாஸ் ரத்தாகும்போது குடும்பத்தாரின் டிபெண்டன்ட் பாஸ்களும் ரத்தாகும். ஆகவே பள்ளி மாற்றுச் சான்றிதழை முன்பே வாங்கிவிடுங்கள். சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வேலை செய்யும்போதே எல்லா ஆண்டுகளின் வரிக் கணக்கு அறிவிப்புகளையும் பதிவிறக்கி வையுங்கள், இந்தியாவில் வரி அதிகாரி கேட்கக்கூடும்.

நீண்ட காலம் வெளியே இருந்து திரும்புவோருக்கு இந்திய வருமானவரிச் சட்டம் ஓர் இடைநிலை தருகிறது. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தவருக்கோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் மொத்தம் 729 நாளுக்கு மேற்படாமல் இருந்தவருக்கோ, வெளிநாட்டில் எழும் வருமானத்துக்குப் பொதுவாக அந்த ஆண்டுகளில் இந்திய வரி வராது. எஸ்ஆர்எஸ் பணத்தையோ இங்குள்ள முதலீட்டையோ கலைப்பதாக இருந்தால் அந்தக் காலத்துக்குள் செய்யத் திட்டமிட்டு, திரும்பும் மாதத்தை ஒரு கணக்காளரோடு பேசித் தீர்மானியுங்கள். நிதியாண்டின் தொடக்கத்தில் இறங்குவதா இறுதியில் இறங்குவதா என்பதே ஓராண்டு வித்தியாசம் தரும். என்ஆர்இ கணக்குகளைத் திரும்பியவுடன் உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். இங்கே ஒரு வங்கிக் கணக்கை மட்டும் இன்னும் சில மாதம் திறந்து வைத்திருங்கள். வீட்டு வைப்புத்தொகையும் மின்கட்டண முன்பணமும், நிறுத்திவைக்கப்பட்ட சம்பளத்தின் மிச்சமும் நீங்கள் போன பிறகுதான் வந்து சேரும்.